ஒரே ஓர் இடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் புளூஸ் ஐஸ் ஹாக்கி அணியின் கோல்கீப்பர் ஜோர்டன் பின்னிங்டன் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். கீழ்நிலை லீக்குகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்த ஒருவர், அழைப்பு வந்த ஆறே மாதத்தில், வட அமெரிக்காவின் பெரிய லீகான என்எச்எல்லின் ஸ்டான்லி கோப்பையை வென்றார் என்கிறீர்கள். எனக்கு ஓர் ஐயம். அவ்வளவு திறமை இருந்திருந்தால் அணி நிர்வாகத்தின் கண்ணில் அது முன்பே பட்டிருக்காதா? மற்றவர்கள் சொதப்பியதால் கிடைத்த அதிர்ஷ்டத்தைத்தானே நாம் பின்னோக்கிப் பார்த்து உழைப்பின் வெற்றி என்கிறோம்?

எஸ்.கே., கோவை

அன்புள்ள எஸ்.கே.,

‘உழைப்பின் வெற்றி’ என்ற சொல்லில் எனக்கும் பெரிய பிடிப்பு இல்லை. என்எச்எல்லுக்கு ஒரு படி கீழான அமெரிக்கன் ஹாக்கி லீகில் உழைக்காதவர் எவருமில்லை, அவர்களில் பலர் மேலே போகாமலேயே ஓய்வு பெறுகிறார்கள். ஆனால் திறமை இருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்ற உங்கள் வாதம் முன்வரிசை ஆட்டக்காரருக்கு ஓரளவு பொருந்தலாமே ஒழிய, கோல்கீப்பருக்குப் பொருந்தாது.

ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி இருபது பேரைக் களமிறக்கலாம். வழக்கமாக அவர்களில் பதினெட்டுப் பேர் ஓடி ஆடுபவர்கள், இருவர் கோல்கீப்பர்கள். ஓடி ஆடுபவர்கள் முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பதால், கீழிருந்து வந்த ஒரு இளைஞனை கடைசியாக இறங்கும் நான்காவது வரிசையில் ஆறேழு நிமிடம் இறக்கிப் பார்ப்பதில் பயிற்சியாளருக்குப் பெரிய இழப்பு இல்லை. வலைமுன் நிற்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் ஆட்டம் முழுவதும் நிற்பார், அல்லது தொப்பியைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். புதியவரைச் சோதித்துப் பார்ப்பது என்றாலே ஒரு முழு ஆட்டத்தைப் பணயம் வைப்பதுதான்; வெல்ல வேண்டிய அணி அதை எளிதில் செய்யாது.

இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் ஆண்டுத் தேர்வில், 2011இல் பின்னிங்டனை புளூஸ் மூன்றாவது சுற்றில் எடுத்தது. அதன்பின் அவர் அமெரிக்கன் ஹாக்கி லீகிலும், அதற்கும் ஒரு படி கீழான ஈசிஎச்எல்லில் கலமசூ அணியிலும் ஆடினார். 2016 ஜனவரியில் என்எச்எல் ஆட்டம் ஒன்றில் பாதியில் இறங்கிச் சற்று நேரம் வலை காத்தார். பிறகு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பெரிய லீகில் அவருக்கு இடமே இல்லை. 2017-18 பருவத்தில் நிலைமை இன்னும் விசித்திரமானது. புளூஸுக்கென்று கீழ்லீகில் முழுமையான கிளை அணி இல்லாமல் போனதால், அவரை இன்னொரு என்எச்எல் அணியான பாஸ்டன் புரூயின்ஸின் கிளையான பிராவிடன்ஸுக்கு இரவல் கொடுத்தார்கள். அங்கே தன்னை நோக்கி வந்த அடிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டுக்கும் மேல் தடுத்தார். மறு ஆண்டு என்எச்எல்லில் அவர் தடுத்த விகிதமும் கிட்டத்தட்ட அதேதான். மேலே அடிப்பவர்கள் இன்னும் கூர்மையானவர்கள் என்பது உண்மை. ஆனாலும் 2019 ஜனவரியில் புதிதாக ஒரு திறமை அவருக்குள் முளைத்துவிடவில்லை என்று சொல்ல இந்தக் கணக்கு போதும். பிராவிடன்ஸில் அவ்வளவு நன்றாக ஆடியும் நிர்வாகம் அவருக்கு மேலாக வைத்திருந்தது இன்னொரு இளம் கோல்கீப்பரான, பின்லாந்துக்காரர் வில்லே ஹுஸ்ஸோவைத்தான்.

அதிர்ஷ்டம் பற்றி நீங்கள் சொல்வதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். 2018-19 பருவத்தில் முதன்மைக் கோல்கீப்பர் ஜேக் ஆலன் தடுமாறினார்; மாற்றுக் கோல்கீப்பர் சாட் ஜான்சனை டிசம்பரில் விடுவிக்க, அனாஹைம் அணி எடுத்துக்கொண்டது; கீழே ஹுஸ்ஸோவுக்கும் அது சரியான ஆண்டாக அமையவில்லை. நவம்பரிலேயே பயிற்சியாளரை மாற்றியும் பயனின்றி, ஜனவரி 3 அன்று முப்பத்தொரு அணிகளில் கடைசியாகக் கிடந்தது புளூஸ். இழக்க ஒன்றுமில்லாத அணிதான் இருபத்தைந்து வயதுப் புதியவரைத் தொடக்கத்திலிருந்தே நிறுத்தும். ஜனவரி 7 அன்று பிலடெல்பியாவில் நிறுத்தினார்கள். ஒரு கோலும் விடாமல் 3-0 என்று வென்றார்.

கதவு திறந்ததற்கு மற்றவர்கள் காரணம், சரி. ஜூன் 12 அன்று பாஸ்டனில் நடந்த கோப்பையைத் தீர்மானித்த ஏழாவது இறுதியாட்டத்தில், மூன்று பகுதிகளில் முதலாவதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்? அந்த இருபது நிமிடங்களில் புரூயின்ஸ் பன்னிரண்டு முறை வலையை நோக்கி அடித்தது. புளூஸ் அடித்ததோ நான்கே முறை. ஆட்டத்தின் போக்கைப் பார்த்தால் பாஸ்டன் முன்னிலையில் இருந்திருக்க வேண்டும். பன்னிரண்டையும் பின்னிங்டன் தடுத்தார். தன் நான்கில் இரண்டைப் புளூஸ் கோலாக்கியது. மூன்றாம் பகுதியிலும் 2-0 என்றிருந்தபோது, பாஸ்டனின் நோர்ட்ஸ்ட்ராம் மிக அருகிலிருந்து அடித்ததை பின்னிங்டன் வலது காலை நீட்டிக் கால் கவசத்தால் நிறுத்தினார். அது உள்ளே போயிருந்தால் அந்த அரங்கத்தின் இரைச்சலில் மிச்ச ஆட்டம் வேறாகியிருக்கும். முடிவு 4-1. 1967இல் தொடங்கிய அணிக்கு அதுவே முதல் கோப்பை. ஓராண்டு தன் கிளையணியில் ஆடியவரிடம்தான் பாஸ்டன் தோற்றது என்பதை அவ்வூர் ரசிகர்கள் அவ்வளவு ரசித்திருக்க மாட்டார்கள்.

உங்கள் கேள்விக்குச் சரியான சான்று பின்னிங்டனைவிட ஹுஸ்ஸோதான் என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் முந்தி நின்ற அவர், 2021இல்தான் என்எச்எல்லில் முதல் ஆட்டம் ஆடினார். அடுத்த பருவத்தில் மிக நன்றாகவே ஆடினார். ஆனால் அதற்குள் பின்னிங்டன் ஆறு ஆண்டுகளுக்கு 3.6 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டார். இருந்த ஓர் இடமும் நிரம்பிவிட்ட நிலையில், 2022 கோடையில் ஹுஸ்ஸோவை டெட்ராய்ட்டுக்கு அனுப்பினார்கள்.