சைடிங் மாற்றப் போகிறீர்களா? முதலில் அதன் பின்னால் இருப்பதைப் பாருங்கள்

கேள்வி: ஒட்டாவாவில் 1988இல் கட்டிய இரண்டு மாடி வீடு எங்களுடையது. வெளியே வைனில் சைடிங், அதாவது வெளிச்சுவரை மூடும் பிளாஸ்டிக் பலகைகள். போன மாசியில் வடக்குப் பக்கத்தில் இரண்டு பலகைகள் வெடித்துவிட்டன. அந்தப் பக்கத்துப் படுக்கையறைச் சுவரைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. ஒரு கொன்ட்ராக்டர் பின்புறம் நுரை ஒட்டிய வைனில் போடச் சொல்கிறார். இன்னொருவர் நார் கலந்த சீமெந்துப் பலகையான ஃபைபர் சீமெந்துதான் சரி என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: பலகை ஏன் வெடித்தது, சுவர் ஏன் குளிர்கிறது என்று இரண்டையும் தனித்தனியே பாருங்கள். சைடிங்கை மட்டும் மாற்றினால் முதலாவது தீரும், இரண்டாவது தீராது. மழை, வெயில், காற்றிலிருந்து சுவரைக் காப்பதுதான் சைடிங்கின் வேலை. வெப்பத்தடையை ‘ஆர்’ எண்ணால் அளப்பார்கள்; எண் கூடக் கூடக் குளிர் குறைவாக உள்ளே வரும். சாதாரண வைனிலின் வெப்பத்தடை ஆர்-1ஐக்கூட எட்டாது. ஃபைபர் சீமெந்தும் அப்படியே. நுரை ஒட்டிய வைனில் ஆர்-2, ஆர்-3 அளவுக்குக் கூட்டித் தரும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

வெடித்த பலகையிலிருந்து தொடங்குவோம். வைனில் குளிரில் நொறுங்கும் தன்மை பெறும். உறைகுளிரில் ஏணி சாய்ந்தாலோ ஹொக்கி பந்து பட்டாலோ விரிசல் விழும். அடி எதுவும் படாமலே வெடித்திருந்தால் ஆணியைச் சந்தேகியுங்கள். 12 அடிப் பலகை ஒன்று கோடைக்கும் குளிருக்கும் இடையே அரை அங்குலத்துக்கு மேல் நீண்டு சுருங்கும். அதற்காகத்தான் ஆணித் துளை நீளவாக்கில் இருக்கிறது. ஆணி துளையின் நடுவில் இறங்க வேண்டும். தலைக்கும் பலகைக்கும் இடையே ஒரு பத்துச் சத நாணயத்தின் தடிப்பளவு இடைவெளி இருக்க வேண்டும். இறுக்கி அடித்தால் பலகை குளிரில் சுருங்க வழியில்லாமல் துளையோரத்தில் கிழியும். அதே பிழை யூலை வெயிலில் அலையலையாக உப்பலாகத் தெரியும். சோதிப்பது எளிது: பலகையை இரு கைகளாலும் பிடித்து இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். கொஞ்சமாவது நகர வேண்டும். ஆணியடித்தது போல் நின்றால், அது உண்மையிலேயே ஆணியால் பூட்டப்பட்டிருக்கிறது.

இனிக் குளிரும் சுவர். அந்தக் காலத்து 2×6 மரக்கட்டைச் சட்டகச் சுவரில் (பெயரளவில் 6, உண்மையில் ஐந்தரை அங்குல ஆழம்) கட்டைகளுக்கிடையே ஆர்-20 பஞ்சு இருக்கலாம். ஆனால் சுவர்ப் பரப்பில் ஏறத்தாழ கால்வாசி மரம். ஐந்தரை அங்குல மரத்தின் தடை ஆர்-7 அளவுதான். கட்டை வரும் இடமெல்லாம் குளிர் நேரே உள்ளே வரும். இதற்கு மருந்து, கட்டைகளுக்கு வெளியே தொடர்ச்சியாக ஓர் இன்சுலேஷன் படை. சைடிங்கைக் கழற்றும் நாள்தான் அதைச் செய்வதற்கான நாள். பலகை ஏறிய பிறகு இன்னும் 30 வருடத்துக்கு அந்த வாய்ப்பு வராது.

நான் சொல்வது 2 அங்குலக் கல்பஞ்சுப் பலகை (கல்லை உருக்கி நாராக்கி அழுத்திய பலகை). அது சுமார் ஆர்-8 தரும். ஏன் நுரைப்பலகை அல்ல? உங்கள் வீட்டில் ஜிப்சம் பலகைக்குப் பின்னால் பொலித்தீன் தாள் இருக்கும். வெளியிலும் ஆவி புகாத மெல்லிய நுரையை ஒட்டினால், இடையில் மாட்டிய ஈரம் எந்தப் பக்கமும் உலராது. சைடிங்குக்கு அடியில் கட்டைகளை மூடியிருக்கும் மரப்பலகை உள்ளுக்குள் மெல்லக் கறுத்து உழுத்துப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது. கல்பஞ்சு ஆவியை விடும். கழற்றியதும் பழைய மரப்பலகை மூட்டுகளுக்கு டேப் ஒட்டி, மழைநீரைத் தடுக்கும் வீட்டுறைத் தாளை மேல்தாள் கீழ்த்தாளின்மேல் படியும்படி விரித்து, கல்பஞ்சை வைத்து, அதன்மேல் முக்கால் அங்குல மரச் சட்டங்களைக் கட்டைகளுக்கு நேராக 5 அங்குலத் திருகாணியால் இறுக்க வேண்டும். சட்டங்களுக்கிடையே உள்ள வெளி, பலகைக்குப் பின்னால் போன தண்ணீரை வடியவிட்டு உலர்த்தும். ஃபைபர் சீமெந்து ஏற்றினால் பாரம் அதிகம். ஆணி எவ்வளவு ஆழம் ஏற வேண்டும் என்று தயாரிப்பாளரின் ஏட்டில் பார்த்துச் சட்டத்தைத் தடிப்பாக்குங்கள்.

ஃபைபர் சீமெந்து நல்ல பொருள். தீப்பிடிக்காது, குளிரில் நொறுங்காது, வர்ணம் நிலைக்கும். அதன் எதிரி ஈரத்தோடு வரும் உறைவு. தண்ணீர் உறையும்போது சுமார் 9 வீதம் பெருக்கிறது. வெட்டிய ஓரம் ஈரத்தை உறிஞ்சி, பகலில் இளகி இரவில் உறைந்தால் ஓரம் படைபடையாக உரியும். ஆகவே மாசி, பங்குனி மாதங்களில் வெயில் படும் தெற்குச் சுவரைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். நிலத்திலிருந்து 6 அங்குலம், கூரை, டெக் ஆகியவற்றிலிருந்து 2 அங்குலம் விடுவது இதற்காகத்தான். வெட்டிய ஒவ்வொரு ஓரத்துக்கும் வர்ணம் பூச வேண்டும். வெட்டும் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்குக் கேடு. கத்தரி வகை வெட்டியும் முகமூடியும் இல்லாத ஆட்களிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

மரத்துகளைப் பிசின் சேர்த்து அழுத்திச் செய்யும் பலகைகள் இலகுவானவை, 16 அடி நீளத்தில் வருவதால் மூட்டுக் குறைவு, அடியையும் தாங்கும். முனை பூசாமல் விட்டால் ஊதிவிடும். உருக்குப் பலகை வெடிக்காது, ஆலங்கட்டி மழையில் நெளியும். சீடார் மரம் அழகு. சில வருடத்துக்கொரு முறை பூசும் வேலைக்கு ஆயத்தமானவர்களுக்கு மட்டும்.

என் முடிவு இது: கைக்காசு அளவானதென்றால் சாதாரண வைனிலும் அதன் பின்னால் 2 அங்குலக் கல்பஞ்சும் போடுங்கள். வெறும் சுவரில் ஏற்றிய ஃபைபர் சீமெந்தைவிட உங்கள் படுக்கையறை அதில்தான் சூடாக இருக்கும். காசு இடம் கொடுத்தால் கல்பஞ்சோடு ஃபைபர் சீமெந்து.

கொன்ட்ராக்டர்கள் அவசரத்தில் விட்டுவிடும் இடங்களை விலைப்பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள்: யன்னல் தலைமேல் தகரத் தகடு, கூரை சுவரைத் தொடும் முனையில் தண்ணீரை வெளியே தள்ளும் வளைதகடு, யன்னலின் அடிவிளிம்பைக் கோல்க் (இடைவெளி அடைக்கும் பசை) வைத்து அடைக்காமல் வடிய விடுவது. சுவர் கிட்டத்தட்ட 3 அங்குலம் வெளியே வருவதால் யன்னல் சட்டம், மின்விளக்கு, டிரையர் குழாய் எல்லாவற்றுக்கும் நீட்டிப்பு வேண்டும். ஃபேர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் உலை) புகைக்குழாய் சுவரோரம் திறந்தால் அதன் ஈர ஆவி பலகையில் பனிக்கட்டியாகக் கட்டும். அதையும் வெளியே தள்ளச் சொல்லுங்கள்.

கணக்கு: சுற்றளவு 130 அடி, உயரம் 18 அடி என்றால் 2,340 சதுர அடி. யன்னல், கதவு போக 2,100 என்று வைத்து, கழிவுக்குப் 10 வீதம் கூட்டினால் 2,310. இரண்டு ஸ்கொயர் (ஒரு ஸ்கொயர் 100 சதுர அடி) கொண்ட வைனில் பெட்டியில் 12 பெட்டி வேண்டும். அதே பரப்புக்கு ஃபைபர் சீமெந்து 5,000 இறாத்தலைத் தாண்டும்.

இந்தக் குளிருக்குள் வேலை தொடங்க வழியில்லையென்றால், வெடித்த இரண்டு பலகைகளை மட்டும் மாற்றிவிடுங்கள். பகல் வெப்பம் 5 பாகைக்கு மேல் ஏறும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். கொக்கி போன்ற சிப் கருவியால் மேல் பலகையின் பூட்டைத் திறந்து, ஆணியைப் பிடுங்கி, புதிய பலகையைச் செருகி, இரு முனையிலும் கால் அங்குலம் விட்டு, 16 அங்குலத்துக்கொரு ஆணி தளர்வாக அடித்து, மீண்டும் பூட்டினால் போதும். ஆணியைப் பிடுங்கும்போது அடியிலுள்ள தாள் கிழிந்திருக்கிறதா, மரப்பலகை கறுத்திருக்கிறதா என்று கைவிளக்கடித்துப் பாருங்கள். கறுத்திருந்தால் கொன்ட்ராக்டரின் விலைக்குள் அந்தப் பலகையை மாற்றும் செலவும் இருக்கிறதா என்று கேளுங்கள்.