ருசிக்கும் ஒரு பங்கு

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. கணவரின் வருமானம் குறைந்து, மளிகைக்கு ஒதுக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு கழிந்துவிட்டது. இந்த நேரம் பார்த்து மகளுக்கு (வயது 16) ரத்தசோகை என்று பரிசோதனையில் வந்திருக்கிறது. மருத்துவர் மாத்திரை கொடுத்து, "நன்றாகச் சாப்பிடட்டும்" என்றார். தெரிந்தவர்களும் இணையமும் சேர்ந்து ஒரு பட்டியல் கொடுத்தார்கள்: மாதுளை, பேரீச்சை, பாதாம், அவகாடோ, கினோவா, ஏதோ ஒரு சத்துபானப் பொடி. கடையில் நின்று கணக்குப் போட்டால் மளிகைப் பணத்தில் பாதி அதற்கே போய்விடும்.

சரி, இருப்பதை வைத்தாவது ஆரோக்கியமாகச் சமைப்போம் என்று எண்ணெயைக் குறைத்து, பருப்பையும் காய்கறியையும் வேகவைத்துக் கொடுத்தேன். பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டார்கள். இரவு பசிக்கிறது என்றதும் வெளியே வாங்கிக் கொடுத்தேன். மிச்சம் பிடித்தது அதில் போனது. சத்தான சாப்பாடு வசதி உள்ளவர்களுக்கு மட்டும்தானா?

பி.கு: உறையவைத்து விற்கும் பட்டாணி, காய்கறிகளில் சத்தே இருக்காது என்கிறார்களே, உண்மையா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

முதலில் மகள் விஷயம். மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள். ரத்தசோகை வந்த பிறகு சாப்பாட்டை மட்டும் நம்பி அதைச் சரிசெய்ய நாளாகும். மாத்திரையால் வயிறு புரட்டினாலோ மலச்சிக்கல் வந்தாலோ மருத்துவரிடம் சொன்னால் அளவையோ வகையையோ மாற்றித் தருவார். நாமாக நிறுத்தக் கூடாது. மாத்திரையால் ஏறிய இரும்புச்சத்து அளவு மறுபடி இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் சாப்பாட்டின் வேலை.

அடுத்து அந்தப் பட்டியல். 100 கிராம் மாதுளையில் இரும்புச்சத்து அரை மில்லிகிராம்கூடக் கிடையாது. பேரீச்சையில் ஏறக்குறைய 1 மில்லிகிராம். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாக மாறும் என்றொரு நம்பிக்கை இருக்கிறது. பீட்ரூட்டுக்கு இத்தனை மதிப்பு வந்ததும் அப்படித்தான். பழம் பிடித்தால் சாப்பிடலாம், மருந்தாக நினைத்துக் கடன் வாங்கி வாங்க வேண்டாம். அதே 100 கிராம் காய்ந்த பயறிலோ மசூர் பருப்பிலோ 4 முதல் 7 மில்லிகிராம் வரை இருக்கிறது. ஒரு வேளைக்கு 50 கிராம் போட்டாலும் மாதுளையைவிடப் பல மடங்கு.

ஆனால் தாவர உணவில் உள்ள இரும்பு உடம்பில் சுலபமாகச் சேராது. சேர வைப்பதற்கு வழி இருக்கிறது, அதற்குப் பெரிய செலவும் இல்லை. வைட்டமின் சி கூடவே போனால் உறிஞ்சுதல் கூடும். பருப்பை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் கொஞ்சம் வீணாகும். அல்லது அதே வேளையில் ஒரு தக்காளியை, கொஞ்சம் முட்டைக்கோஸைப் பச்சையாக நறுக்கி வையுங்கள். ஒரு கொய்யா கிடைத்தால் இன்னும் நல்லது. பயறை ஊறவைத்து முளைகட்டினால் இரும்பைப் பிடித்து வைக்கும் ஃபைட்டிக் அமிலம் குறையும். வீட்டில் இரும்புச் சட்டி இருந்தால் தக்காளி போன்ற புளிப்பான சமையலை அதில் செய்யுங்கள், சட்டியிலிருந்தே கொஞ்சம் இரும்பு உணவில் இறங்கும். சமைத்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அசைவம் உண்டென்றால் ஈரல் பெரும்பாலும் மற்ற கறியைவிட விலை குறைவு, அதிலுள்ள இரும்பும் எளிதில் சேரும்.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன்.

குறைந்த செலவில் எல்லாச் சத்தும் கிடைக்குமா என்ற கணக்கை ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1945-ல் போட்டுப் பார்த்தார். பின்னால் 1982-ல் நோபல் பரிசு வாங்கியவர். 77 உணவுப் பொருட்களை எடுத்துக்கொண்டார். கலோரி, புரதம், கால்சியம், இரும்பு, சில வைட்டமின்கள் என்று 9 சத்துகள். ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கு இத்தனையும் கிடைக்க வேண்டும், செலவு மிகக் குறைவாக இருக்க வேண்டும். 1939-ம் ஆண்டு விலையில் அவருக்கு வந்த விடை, வருடத்துக்கு 39.93 டாலர். வாங்க வேண்டிய பொருட்கள் ஐந்தே ஐந்து: கோதுமை மாவு, சுண்டிய டின் பால், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, காய்ந்த வெள்ளை பீன்ஸ். இரண்டு ஆண்டு கழித்து ஜார்ஜ் டான்ட்சிக் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் கண்டுபிடித்த புதிய கணித முறையை வைத்து இதையே மறுபடி போட்டுப் பார்த்தார்கள். ஒன்பது எழுத்தர்கள், மேசைக் கணக்குப் பொறிகள், 120 ஆள்நாள் உழைப்பு. விடை 39.69 டாலர். ஸ்டிக்லர் கையால் போட்ட கணக்கில் பிசகு 24 சென்ட்தான்!

ஆக, சத்தான சாப்பாடு மலிவாகக் கிடைக்கும் என்பது அன்றைக்கே தீர்ந்துபோன விஷயம். தானியம், பயறு, கோஸ், கீரை, கொஞ்சம் பால். இன்றைக்குக் கணக்குப் போட்டாலும் விடை இதைச் சுற்றித்தான் வரும். அவகாடோவும் கினோவாவும் நல்ல உணவுதான். ஆனால் அவற்றில் இருப்பதெல்லாம் உங்கள் கடையின் கீழ்த்தட்டிலேயே வேறு பெயரில், வேறு விலையில் இருக்கிறது.

அந்த ஐந்தையும் யார் சாப்பிடுவார்கள் என்பதுதான் விஷயம். ஸ்டிக்லரின் கணக்குப்படி பீன்ஸ் மட்டும் வருடத்துக்கு 285 பவுண்டு எடை. நாளுக்கு 350 கிராம், அதுவும் காய்ந்த எடையில்! இதை யாருக்கும் பரிந்துரைக்கவில்லை என்று அவரே எழுதிவிட்டார். டான்ட்சிக் கதை இன்னும் வேடிக்கை. எடையைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் வற்புறுத்த, தன் உணவைக் கணிப்பொறியே முடிவு செய்யட்டும் என்று விட்டார். அது முதலில் 500 காலன் வினிகர் குடிக்கச் சொன்னது. வினிகரைப் பட்டியலிலிருந்து எடுத்ததும், உப்பு நிறைந்த சூப் கட்டிகளைத் தினம் 200 கரைத்துக் குடி என்றது. உப்புக்கு உச்ச வரம்பு வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

உங்கள் வீட்டில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான், ம. கணக்கில் எல்லாம் சரியாக இருந்தது. பிள்ளைகளின் நாக்கு மட்டும் அதில் இல்லை. ருசியை ஆடம்பரம் என்று முதலில் வெட்டினால் சாப்பாடு தட்டிலேயே கிடக்கும், அப்புறம் அதைவிடப் பெரிய தொகை வெளிச் சாப்பாட்டுக்குப் போகும். அதனால் பட்ஜெட் போடும்போதே எண்ணெய், வெங்காயம், பூண்டு, மிளகு, எலுமிச்சை, கொஞ்சம் நிலக்கடலை ஆகியவற்றுக்குப் பணத்தை எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தில் மற்றதை வாங்குங்கள். எண்ணெய் ருசிக்கு மட்டும் இல்லை. கேரட், பூசணி, கீரை இவற்றிலுள்ள கரோட்டின் உடம்பில் சேரவே கொழுப்பு வேண்டும். எண்ணெயே இல்லாமல் வேகவைத்த கேரட்டில் அந்தச் சத்தின் பெரும்பகுதி வீணாகத்தான் போயிருக்கும்.

பருப்பை இப்படிச் செய்து பாருங்கள். வெங்காயத்தை மெலிதாக நறுக்கி, தாராளமாக இரண்டு கரண்டி எண்ணெயில், தீயைக் குறைத்துவைத்து வதக்குங்கள். ஐந்து நிமிடத்தில் கண்ணாடி போலாகும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். கால் மணி, இருபது நிமிடம் போனால் ஓரமெல்லாம் பழுப்பேறி இனிப்பு வாசனை வரும். அப்போது பூண்டைத் தட்டிப் போட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, வெந்த பருப்பை அதில் கொட்டுங்கள். இறக்கி எலுமிச்சை பிழிந்து, வறுத்த கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்துத் தூவுங்கள். நீங்கள் வேகவைத்துக் கொடுத்த அதே பருப்புதான், கூடுதல் செலவு சொற்பம். புளிப்பும் வாசனையும் இருந்தால் உப்பையும் குறைக்கலாம். ஒரு நாளைக்கு ஆளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு.

பட்டியலில் இருந்த சத்துபானப் பொடி புரதத்துக்காவது வேண்டாமா என்று தோன்றலாம். கிலோ விலையைப் பார்க்காமல், அந்தப் பணத்துக்கு எத்தனை கிராம் புரதம் வருகிறது என்று பாருங்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 40 கிராம் சொச்சம் போதும். 300 கிராம் அரிசியிலேயே 20 கிராம் வந்துவிடும். 50 கிராம் பருப்பில் 12, ஒரு முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலில் 6. தேவை தாண்டிவிட்டது, டப்பாவைத் திறக்கவே இல்லை. தானியப் புரதத்தில் லைசின் என்ற புரதக் கூறு குறைவு, பருப்பில் அது நிறைய. இரண்டையும் ஒரே நாளில் சாப்பிட்டால் குறை நிரம்பும். சத்துபானப் பொடி டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்களை எடை வரிசையில்தான் பெரும்பாலும் போடுவார்கள். முதல் இரண்டு மூன்று இடத்தில் சர்க்கரை இருந்தால், சர்க்கரைக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பது புரிந்துவிடும். வைட்டமின் பி12 மட்டும் தாவர உணவில் கிடைக்காது. அதனால் பால், முட்டை இரண்டையும் அடியோடு நிறுத்திவிடாதீர்கள்.

காய்கறியும் பழமுமாக ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, அதில் உருளைக்கிழங்கு சேராது. நாலு பேருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். பயமுறுத்தும் எண்தான். எட்டாவிட்டால் எட்டியவரை. வாரத்துக்கு ஒருமுறை வாங்குகிறவர்களுக்குப் பணம் போவது விலையில் பாதி, அழுகலில் பாதி. கீரையை முதல் இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். பிறகு பீன்ஸ், கத்தரிக்காய், தக்காளி. கோஸும் கேரட்டும் பூசணியும் வாரக் கடைசிவரை தாங்கும். அவசரப்பட்டு முதல் நாளே அவற்றைச் சமைத்துவிட்டுக் கீரையை வாட விடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. கீரையைக் கழுவாமல் துணியில் சுற்றி வையுங்கள், ஈரம்தான் அதை அழுக வைக்கிறது.

கொண்டைக்கடலை, காராமணி மாதிரியானவற்றை இரவே ஊறவைத்தால் எரிவாயு மிச்சம். இரண்டு மூன்று வேளைக்குச் சேர்த்து வேகவைத்து எடுத்துவைக்கலாம். ராஜ்மாவில் மட்டும் கவனம்: ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் நன்றாகக் கொதிக்க வேண்டும். அரைவேக்காட்டில் அது வயிற்றைப் படுத்திவிடும். மிஞ்சிய சோற்றையும் வெளியிலேயே வைக்காமல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-லேயே குடும்ப வரவு செலவுகளைப் பார்த்துக் கண்டது, வருமானம் குறையக் குறையச் செலவில் உணவின் பங்கு ஏறும் என்பது. வாடகையும் பள்ளிக் கட்டணமும் அசையாது, வெட்டக் கூடியதாகக் கைக்கு எட்டுவது மளிகைதான். அதனால் பணம் போதாமல் போனால் அதை உங்கள் சமையல் திறமைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏழைக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று பேசுவது, கூலி போதவில்லை என்று பேசுவதைவிடச் சிலருக்குச் சுலபமாக இருக்கிறது. எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. நிஜமாகவே போதாத மாதத்தில் பருப்பு, எண்ணெய், கீரை, முட்டை நிற்கட்டும். பழம், பிஸ்கட், பானங்கள் போகட்டும்.

இன்னொன்று. கடிதத்தில் கணவர் இருக்கிறார், மகள் இருக்கிறாள், பிள்ளைகளின் தட்டு இருக்கிறது. நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. சிக்கனம் வந்தால் வீட்டில் முதலில் சுருங்குவது கடைசியில் உட்காருகிறவரின் தட்டுதான். மாதவிடாய் வரும் வயதுப் பெண்ணுக்கு இரும்புச்சத்துத் தேவை ஆணைவிட நிறையவே அதிகம். மகளோடு அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது நீங்களும் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிடுங்கள். முட்டை வாங்கும்போது உங்களையும் எண்ணி வாங்குங்கள்.

பின்குறிப்புக்குப் பதில்: உறைந்த பட்டாணியைத் தாராளமாக வாங்கலாம். பறித்த கொஞ்ச நேரத்திலேயே வெந்நீரில் முக்கி எடுத்து உறைய வைப்பதால் பெரும்பாலான சத்து தங்கிவிடும். சந்தையில் நாலு நாள் கிடந்த பச்சைப் பட்டாணியைவிடச் சில சமயம் அதில் வைட்டமின் சி அதிகமாகவே இருக்கும். வேண்டியதை மட்டும் அள்ளிக்கொண்டு மீதியை உடனே உள்ளே வைத்துவிடலாம், அழுகும் பேச்சே இல்லை. வெண்ணெய், உப்பு, சாஸ் சேர்த்த பொட்டலம் வேண்டாம், வெறும் காய் மட்டும் உள்ளதாகப் பாருங்கள்.

அன்புடன்