எட்டுப் பேர் வாழும் வீட்டில் எத்தனை உறவுகள்?

கேள்வி: தேசிய அளவிலான ஆய்வுகளில், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். அதன்பின் குழந்தையின் தாய் யார், தந்தை யார், பட்டியலில் அவர்களுடைய வரிசை எண் என்ன என்றும் கேட்கிறார்கள். ஒரே செய்தியை ஏன் இருமுறை கேட்க வேண்டும்?

பதில்: இரண்டும் ஒரே செய்தி அல்ல. தலைவராகப் பதிவான மூதாட்டி, அவருடைய இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், மூன்று பேரக்குழந்தைகள் என எட்டுப் பேர் உள்ள வீடு ஒன்றைக் கொள்வோம். தலைவருடனான உறவை மட்டும் எழுதினால் கிடைப்பவை 7 உறவுகள். ஆனால் எட்டுப் பேரையும் இருவர் இருவராக இணைத்துப் பார்த்தால் 28 உறவுகள் உள்ளன. எந்த மருமகள் எந்த மகனின் மனைவி, எந்தக் குழந்தை யாருடைய பிள்ளை, அவர்களில் ஒருவர் வேறிடத்தில் வாழும் மகளின் பிள்ளையாக இருக்கலாமா என்பவற்றை அந்த ஏழிலிருந்து உறுதியாக அறிய வழியில்லை. தாயின் கல்விக்கும் குழந்தையின் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்பவருக்கோ முதலில் தெரிய வேண்டியது அந்தத் தாய் யார் என்பதுதான்.

28 உறவுகளையும் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியதில்லை. கணவர் அல்லது மனைவி, தாய், தந்தை ஆகிய மூவரின் வரிசை எண்களைப் பெற்றுவிட்டால், உடன்பிறந்தோர், மாமியார், பாட்டி போன்ற பிற உறவுகளில் பெரும்பாலானவற்றைக் கணினியே கண்டறிந்துவிடும். பல நாடுகளில் நடைபெறும் மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வுகள் 18 வயதுக்குட்பட்ட ஒவ்வொருவரின் பெற்றோரும் உயிருடன் இருக்கிறார்களா, அதே வீட்டில் வாழ்கிறார்களா என்று கேட்டு, அங்கு வாழ்ந்தால் வரிசை எண்ணையும் குறித்துக்கொள்கின்றன. பெற்றோரை இழந்த குழந்தைகளையும், பெற்றோர் இருந்தும் பிறரிடம் வளரும் குழந்தைகளையும் வேறுபடுத்திக் காண இக்கேள்விகளே உதவுகின்றன.

தலைவரை மட்டும் மையமாகக் கொள்ளும் முறையில் அதிகம் மறைந்துபோவோர் பெண்கள் என்பது என் உறுதியான கருத்து. கணவரைப் பிரிந்து தன் குழந்தையுடன் பெற்றோர் வீட்டில் வாழும் இளம்பெண் ‘மகள்’ என்றும், அவளுடைய குழந்தை ‘பேரன்’ என்றும் பதிவாகும்போது, தனியாளாகப் பிள்ளை வளர்க்கும் ஒரு தாய் அந்த வீட்டில் இருப்பதே கணக்கில் வராமல் போய்விடுகிறது. அவளுக்கான உதவித்திட்டத்தை வகுப்பவர் கையிலுள்ள எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. பிழை எதிர்த்திசையிலும் நேரலாம். அமெரிக்காவின் மாதாந்திர மக்கள்தொகை ஆய்வில் 2007க்கு முன்பு குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவரின் வரிசை எண்ணுக்கு மட்டுமே இடமிருந்தது. மணம் புரியாமல் சேர்ந்து வாழும் பெற்றோரின் பிள்ளைகள் ஒற்றைப் பெற்றோரிடம் வளர்வோராகத் தோன்றியதால், அவ்வாண்டு முதல் தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனி இடம் தரப்பட்டது. ‘குடும்பத் தலைவர்’ என்னும் வகையையே அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1980இல் கைவிட்டது. பிரிட்டனின் 2001 கணக்கெடுப்பு, படிவத்தில் முதலில் பதிவாகும் நபருடனான உறவோடு நிற்காமல், வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு இடையிலான உறவுகளையும் கேட்டது.

கேள்வி: எங்கள் வளர்ப்பு மகளை ‘மகள்’ என்று மட்டும் சொல்லலாமா?

பதில்: உங்கள் உள்ளத்தில் அவள் மகள்தான், அதை எந்தப் படிவமும் மாற்றாது. எனினும் பல ஆய்வுகள் தத்துப்பிள்ளைக்கும் வளர்ப்புப் பிள்ளைக்கும் தனிக் குறியீடு வைத்திருப்பதால், உள்ளபடி சொல்வதே நல்லது. ஆய்வில் பதியும் உறவு, சட்டப்படியான உரிமை எதையும் தருவதுமில்லை, பறிப்பதுமில்லை. பெற்ற தாயைப் பற்றிய கேள்வி குழந்தையின் முன்னிலையில் எழக்கூடும் என்பதால், பட்டியல் எழுதத் தொடங்கும் முன்பே கணக்கெடுப்பாளரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.