லெகோ குட்டிப் பாகங்களைப் போனில் படமெடுத்து சரியான எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி?

லெகோ பாகத்தைப் படமெடுத்தால் அதன் மேல் பொறித்த எண் தெரிவதில்லை, படத்தைப் பார்த்து எண் சொல்லும் செயலியும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு பதில் சொல்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: பாகத்தை மேலிருந்து மட்டும் எடுப்பது. லெகோ பாகத்தைக் காட்டிக்கொடுப்பது அதன் அடிப்பக்கம்.

ஓர் உதாரணம். 1×2 பிளேட், அதாவது தட்டையான துண்டு, மேலே நடுவில் ஒரே ஒரு குமிழ். இதை ஜம்பர் என்பார்கள். மேலிருந்து பார்த்தால் 3794-உம் 15573-உம் இரட்டைப் பிள்ளைகள். கவிழ்த்துப் பாருங்கள். 15573-இன் அடியில், சரியாக நடுவில், ஒற்றைக் குமிழைக் கவ்விக்கொள்ளும் பிடி இருக்கும். 3794-இல் அது கிடையாது. 1×2 டைலும் (மேலே குமிழே இல்லாத வழவழப்பான துண்டு) அப்படித்தான்: அடிவிளிம்பைச் சுற்றி நகம் நுழையும் அளவுக்கு மெல்லிய பள்ளம் ஓடினால் 3069பி, இல்லையென்றால் பழைய 3069ஏ. இந்த ஏ, பி எழுத்துகளைச் சேர்த்தவர்கள் சேகரிப்பாளர்கள்; பாகத்தின் மேல் தேடினால் கிடைக்காது. 1×2 பிரிக்கின் (உயரமான கட்டை) அடியில் நடுவே ஒரு தண்டு நிற்கும், அது 3004. ஒளிபுகும் வகையில் அந்தத் தண்டு இருக்காது, அதற்கு எண்ணே வேறு, 3065.

ஆகவே ஒரு பாகத்துக்கு மூன்று படம்: நேர் மேலிருந்து, நேர் அடியிலிருந்து, பக்கவாட்டில் 45 பாகைச் சாய்வில். ஒரே பாகம் உங்களிடம் மூன்று இருந்தால் மூன்றையும் மூன்று நிலையில் வைத்து ஒரே படமாக எடுத்துவிடலாம். மனிதர்களிடம் கேட்பதற்கு இதுவே சிறந்தது. செயலிக்கு மட்டும் ஒரு படத்தில் ஒரு பாகம்தான்.

எடுப்பதற்கு முன் கழுவுங்கள். கைப்பிசுக்கும் தூசியும்தான் எழுத்தை மறைக்கின்றன. பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, 40 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீர், பழைய பல்துலக்கி போதும். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் நெளிந்துவிடும்.

பின்னணிக்கு மங்கலான சாம்பல் நிற சார்ட் தாள் ஒன்று வாங்கி வையுங்கள். வெள்ளைத் தாளில் வெள்ளைப் பாகம் கரைந்துபோகும். கறுப்புப் பாகமோ வெறும் நிழலாக விழும், ஏனென்றால் வெள்ளையைப் பார்த்த கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. சாம்பலில் இரண்டும் நிற்கும். நேர் வெயில் படாத ஜன்னலோரம் வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு ஏ4 தாளை நிமிர்த்தினால் நிழல் இளகும். போனைப் பாகத்தின் மேல் ஒட்டிக் கொண்டுபோகாதீர்கள். பக்கத்தில் போனால் பல போன்கள் தாமாகவே அகலக்கோண லென்ஸுக்கு மாறிவிடும். போனின் நிழலும் விழும், சதுரமும் கோணிப்போகும். 25 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து 2 மடங்கு பெரிதாக்குங்கள். திரையில் பாகம் தெரியும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். கறுப்புப் பாகத்தின் அடிப்பக்கம் கிணறு மாதிரி இருண்டிருக்கும், அதற்கு மட்டும் வெளிச்ச அளவை +1 ஆக்குங்கள்.

எண்ணைப் படிப்பது தனி வேலை. எழுத்துகள் மிக மெல்லிய மேடாகத்தான் இருக்கும். நேர் வெளிச்சம் அந்த மேட்டை அழித்துவிடும். அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்து, ஒளி பாகத்தை உரசிக்கொண்டு போகும்படி செய்யுங்கள். டார்ச்சை அசைக்காமல் பாகத்தை மெதுவாகச் சுழற்றினால், ஏதோ ஒரு கோணத்தில் எழுத்துக்கு நிழல் விழுந்து எண் எழும்பி வரும். அந்த நொடி ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சிதான்.

ஒளிபுகும் பாகத்துக்கு அடியிலிருந்து வெளிச்சம் வேண்டும். இன்னொரு போனின் வெள்ளைத் திரை போதும். ஆனால் திரைக்கு மேல் ஒரு விரற்கடை உயரத்தில் பட்டர் பேப்பர் விரியுங்கள், இல்லையென்றால் திரையின் புள்ளிகள் படத்தில் கோடு கோடாக வரும். எண் மேலிருந்து இடவலம் மாறித் தெரிந்தால், படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிப் படிக்கலாம்.

எண் கிடைத்ததும் அவசரப்படாதீர்கள். 12-07 மாதிரி கோடிட்ட சின்ன எண், அச்சில் எந்தக் குழியில் வார்த்தது என்பதைச் சொல்வது. அதைத் தேடினால் ஒன்றும் வராது. பாக எண் பெரும்பாலும் 4 அல்லது 5 இலக்கம். ஒரே பாகத்துக்கு இரண்டு எண்ணும் இருக்கலாம்: சின்னச் சரிவுத் துண்டு, சீஸ் ஸ்லோப், 54200 என்றும் வரும், 50746 என்றும் வரும். லெகோ பாகங்களைப் பட்டியலிடும் பிரிக்லிங்க், ரீபிரிக்கபிள் ஆகிய இரண்டு தளங்களிலும் தேடிப் பாருங்கள்.

எண்ணே இல்லையென்றால் வெர்னியர் காலிப்பரால் அளந்து பாருங்கள். குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ., பிரிக் உயரம் 9.6, பிளேட் 3.2, மூன்று பிளேட் ஒரு பிரிக். குமிழின் விட்டம் 4.8. டெக்னிக் (லெகோவின் இயந்திர வகைத் தொகுப்பு) அச்சுத்தண்டின் நீளத்தை 8-ஆல் வகுத்தால், எத்தனை குமிழ் நீளம் என்ற அளவு வந்துவிடும். டெக்னிக் பின்களில் (துளைகளை இணைக்கும் முளைகள்) நிறமே துப்பு: பின் பாதி, அச்சுத்தண்டு பாதி என்று இருப்பது நீலமானால் உராய்வுள்ள 43093, மணல் நிறமானால் தளர்வாகச் சுழலும் 3749.

பிரிக்காக்னைஸ் போன்ற படத்தேடல் தளங்கள் குடும்பத்தை நன்றாகச் சொல்லும். 3794-ஆ 15573-ஆ என்ற கடைசி முடிவை அவற்றிடம் விடாதீர்கள். தரும் முதல் நான்கைந்து பதில்களின் அடிப்பக்கப் படத்தோடு உங்கள் படத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிறத்துக்குப் படத்தை நம்பவே கூடாது. 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறங்களை மாற்றியது. பழையதில் லேசான மஞ்சள் சாயல், புதியதில் நீலச் சாயல். டியூப்லைட்டின் கீழ் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். போதாக்குறைக்கு, வெயிலில் கிடந்த புதிய சாம்பல் பழுத்துப் பழைய சாம்பலாக வேடமிடும். அதையும் அடிப்பக்கம்தான் தீர்க்கும்: வெயில் படாத உட்சுவரில் அசல் நிறம் மிச்சமிருக்கும். நிறம் உறுதியாகத் தெரிந்த ஒரு பிரிக்கைப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிடுங்கள். பிறகு கோப்புக்கு "15573 - புதிய வெளிர் சாம்பல் - அடி" என்று பெயரிட்டுச் சேமியுங்கள். அடுத்த முறை அதே துண்டு வந்தால் உங்கள் படமே ஒப்பீட்டுக்கு ஆகும்.