எட்டு வருஷ அலைச்சல் அனுபவமாகாதா?

கேள்வி: எனக்கு 36 வயது, பி.காம். படித்திருக்கிறேன். சேலத்தில் எட்டு வருடமாக நேரடி விற்பனை செய்கிறேன். சமையலறை டப்பா, சத்துப் பவுடர், அழகு சாதனம் என எல்லாம் விற்பேன். எனக்குக் கீழே 43 பெண்கள் இருக்கிறார்கள். மாதச் சம்பளத்துக்குப் போகலாம் என்று இரண்டு கம்பெனிகளில் ஏரியா மேனேஜர் இன்டர்வியூவுக்குப் போனேன். “எம்எல்எம் எல்லாம் அனுபவமாகாது மேடம்” என்று, ஆளுக்குக் கீழே ஆள் சேர்த்து விற்கும் இந்தச் சங்கிலி வியாபாரத்தை ஒதுக்கி அனுப்பிவிட்டார்கள். விற்காத சரக்கு இரண்டு அட்டைப்பெட்டி கட்டிலுக்கடியில் கிடக்கிறது. 180 வீட்டு வாடிக்கையாளர் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். “இன்னும் எதுக்கு இந்த அலைச்சல்” என்கிறார் கணவர். பெரிய கம்பெனியில் விற்பனைத் தலைமைக்கு என்னால் வர முடியுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: அன்புத் தோழி, உங்களை அனுப்பிவிட்டவர் மேல் எனக்கும் கோபம்தான். ஆனால் நானும் பல வருடம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து விற்பனைக்கு ஆள் எடுத்தவள். அவர் மனசுக்குள் ஓடிய சந்தேகம் எனக்குத் தெரியும். நீங்கள் விற்றதில் எவ்வளவு ஒரு வீட்டுக்குப் போய், அங்கே தீர்ந்து, மறுபடி கேட்டு வாங்கப்பட்டது? எவ்வளவு, ரேங்க் இறங்கிவிடக் கூடாதே என்று மாதக் கடைசியில் நீங்களும் அந்த 43 பேரும் கைக்காசு போட்டு வாங்கியது? கட்டிலுக்கடியில் இருக்கும் பெட்டிகள் எந்தக் கணக்கு என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் முதல் வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த நோட்டோடு உட்காருங்கள். 180 வீட்டில் கடந்த ஒரு வருடத்தில் மூன்று தடவைக்கு மேல் வாங்கியவர்கள் எத்தனை பேர்? கடன் சொல்லி இழுத்தடித்தவர்கள் எத்தனை பேர்? பவுடர் டப்பா தீரும் தேதியை ஓரத்தில் குறித்து வைத்து, இரண்டு நாள் முன்னால் போன் போடும் பழக்கம் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். எட்டு வருடம் தாக்குப்பிடித்தவர்கள் எல்லோருக்கும் இருக்கும். கம்பெனிக்காரர்கள் இதற்குத்தான் லட்சக்கணக்கில் சாஃப்ட்வேர் வாங்குகிறார்கள்.

அப்புறம் பயோடேட்டாவைப் பிரித்து ‘சில்வர்’, ‘டயமண்ட்’ என்று இருக்கும் ரேங்க்குகளையெல்லாம் அடித்துவிடுங்கள். அந்தப் பட்டங்களுக்கு வெளியே மதிப்பில்லை. “எட்டு வருடம், 180 வீடுகள், அதில் இத்தனை வீடு தொடர்ந்து வாங்குபவை. மாதச் சராசரி விற்பனை இவ்வளவு, என் சொந்த உபயோகத்துக்கு வாங்கியது நீங்கலாக” என்று எழுதுங்கள். அந்தக் கடைசி நான்கைந்து வார்த்தையைப் படித்ததும் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். முந்தைய கம்பெனியின் சர்ட்டிபிகேட் எங்கே என்று கேட்டால், உங்கள் கமிஷனில் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே வரி, பிடித்திருந்தால் அது வருடாவருடம் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் பதிவாகியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு போங்கள்.

உங்களிடம் இல்லாததையும் சொல்லிவிடுகிறேன். ஏரியா மேனேஜர் என்றால் ஸ்டாக்கிஸ்டிடம் (கடைகளுக்குச் சரக்கு கொடுக்கும் மொத்த வியாபாரி) எத்தனை நாள் சரக்கு நிற்கிறது, விற்பனை ஆட்கள் லைனில் எத்தனை கடைக்குப் போய் எத்தனை கடையில் பில் போட்டார்கள், எந்தக் கடையில் வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று தினமும் மாலை மேலே பதில் சொல்ல வேண்டும். இதை நீங்கள் செய்ததில்லை. கற்றுக்கொள்ள ஆறு மாதம் போதும், ஆனால் ஏரியா மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கற்றுக்கொள்ள விடமாட்டார்கள். ஒரு படி கீழே இறங்கிச் சேருங்கள்.

எங்கே சேரலாம் என்றால், நான் முதலில் ஆயுள் காப்பீட்டைப் பார்க்கச் சொல்வேன். அங்கே ஏஜென்சி பிரிவில் இருக்கும் மேனேஜருடைய வேலையே, சம்பளம் இல்லாமல் கமிஷனுக்கு வேலை செய்யும் ஏஜென்ட்களைத் தேடிச் சேர்த்து, பழக்கி, விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது. சம்பளம் கொடுக்கிறவன் அதட்டலாம். 43 பெண்களை அதட்ட முடியாமல் வேலை வாங்கியிருக்கிறீர்களே, அந்த வித்தை அங்கே நேராகச் செல்லும். அங்கிருந்து பிராஞ்ச் மேனேஜர், அதற்கு மேலே ஏரியா என்று படி இருக்கிறது. அடுத்தபடியாக வாட்டர் பியூரிஃபையர் மாதிரி வீட்டில் போய்ச் செய்துகாட்டி விற்கும் பொருள்கள். ஒரு எச்சரிக்கை: காப்பீட்டிலும் மார்ச் மாதம் டார்கெட் கழுத்தை நெரிக்கும்போது அண்ணன், மச்சினர், சித்தி பேரில் பாலிசி போட்டு முடிக்கிறவர்கள் உண்டு. அதுவும் கட்டிலுக்கடியில் போகிற சரக்குதான்.

இந்த வழியில் முன்னால் போன ஒருவரைச் சொல்கிறேன். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் செயலாளராக வேலை பார்த்த பிரௌனி வைஸ், கணவரைப் பிரிந்து மகனோடு இருந்தவர். வீட்டுச் சாமான் விற்கப் போய், டப்பர்வேர் என்ற பிளாஸ்டிக் டப்பாவை அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டி வைத்து விற்க ஆரம்பித்தார். அந்த மூடியை அழுத்தி, காற்றை வெளியே விட்டு மூட வேண்டும். கடையில் அதை யாரும் சொல்லித் தரவில்லை, சரக்கு தூங்கியது. இவர் கையில் கொடுத்துக் காட்டினார், விற்றது. 1951-ல் முதலாளி ஏர்ல் டப்பர் கடை விற்பனையையே நிறுத்திவிட்டு இவரைத் துணைத் தலைவராக்கினார். 1954-ல் ‘பிசினஸ் வீக்’ பத்திரிகை அட்டையில் வந்த முதல் பெண் இவர்தான். 1958 ஜனவரியில் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கம்பெனியில் ஒரு பங்குகூட அவர் பெயரில் இல்லை. கைக்கு வந்தது ஒரு வருடச் சம்பளம், சுமார் 30,000 டாலர்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஆஃபர் லெட்டர் வந்ததும் பதவிப் பெயரைப் பார்த்துப் பூரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சம்பளத்தில் நிலையானது எவ்வளவு, இன்சென்டிவ் எவ்வளவு? முதல் மூன்று மாத டார்கெட் என்ன, அது தவறினால் என்ன? ஏற்கெனவே இருக்கும் ஏஜென்ட்களைக் கையில் தருவார்களா, பூஜ்யத்திலிருந்தா? வாயால் சொன்னதைக் காகிதத்தில் கேளுங்கள்.

உங்கள் கணவர் அலைச்சல் என்கிறார். சரி, அலைச்சல் இருக்கும்தான். ஆனால் மாதக் கடைசியில் கைக்காசு போகிற அலைச்சலுக்கும், ஒன்றாம் தேதி சம்பளம் வருகிற அலைச்சலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். வாக்குவாதம் செய்யாதீர்கள், எண்ணைக் காட்டுங்கள்.

அந்த 43 பேரிடமும் நீங்களே நேரில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அதில் நாலு பேராவது நாளைக்கு உங்கள் ஏஜென்ட்களாக வருவார்கள். இன்னொன்று, இன்டர்வியூவில் அந்த நோட்டைத் தூரத்தில் வைத்துக் காட்டுங்கள். “கொடுங்க மேடம், ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தர்றோம்” என்பார்கள். கொடுக்காதீர்கள். 180 வீட்டுப் போன் நம்பர் அதில் இருக்கிறது.