மரம் நட வந்தேன், வெட்டச் சொல்கிறார்கள்!

கேள்வி: தாவரவியல் முடித்துவிட்டு, ஊட்டிப் பக்கம் ஒரு காடு மீட்புத் திட்டத்தில் எட்டு மாதமாக ஒப்பந்த வேலையில் இருக்கிறேன். மரம் நடுவோம் என்று நினைத்து வந்தால், இங்கே சீகை (வாட்டில் என்கிற வெளிநாட்டு மரம்) மரங்களை வெட்டுகிறார்கள். நான் தினமும் காலையில் ஓடையில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்து எண் எழுதுகிறேன், கன்றுகளை எண்ணுகிறேன். "இதுக்கா படிச்சே?" என்கிறார் அப்பா. விட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, குன்னூர்

பதில்: விடாதீர்கள் தோழி. வரும் கோடை முடியும்வரைக்குமாவது இருங்கள்.

முதலில் வெட்டும் விஷயம். நீலகிரி மேல்மலையில் இருந்தது பள்ளங்களில் சோலைக்காடு, மேடெல்லாம் புல்வெளி. அந்தப் புல்லைச் சும்மா கிடக்கும் நிலம் என்று நினைத்து விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் நட்டுத் தள்ளினார்கள், சுதந்திரத்துக்கு அப்புறமும் நட்டார்கள். புல்வெளியாக இருந்த இடத்தில் இன்றைக்கு நீங்கள் நல்ல மனசோடு மரம் நட்டாலும் அதே தப்புதான். சீகையை வெட்டிவிட்டால் முடிந்ததா என்றால் அதுவும் இல்லை, அதன் விதை பல வருஷம் மண்ணுக்குள் உயிரோடு கிடந்து, வெயில் பட்டதும் கீரைப்பாத்தி மாதிரி முளைத்து வரும், திரும்பத் திரும்பப் பிடுங்க வேண்டும். சில இடங்களில் சீகையின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தலைதூக்கும். அங்கே மொத்தமாக வெட்டினால் அவையும் போச்சு. எங்கே வெட்டலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்பது குனிந்து கன்று எண்ணுகிறவருக்குத்தான் தெரியும்.

அடுத்து அந்த எண். நீலகிரியில் கிளென்மார்கன் என்ற இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புகளை (பெய்யும் மழை ஒரே ஓடையில் வந்து சேரும் நிலப்பரப்பு) எடுத்து, ஒன்றைச் சோலையும் புல்லுமாக அப்படியே விட்டு, மற்றதில் 59 சதவீதப் பரப்பில் 1972-ல் கற்பூர மரம் நட்டு, வருஷக்கணக்கில் தண்ணீரை அளந்தார்கள். முதல் 10 வருஷத்தில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்திருந்தது. மரம் தண்ணீரைக் குடிக்கிறது என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்ததை எண்ணாக எழுதிக் காட்டியது, யாரோ ஒருவர் விடாமல் போய் அளவு பார்த்ததால்தான்.

மழைக்காலத்தில் ஓடை பொங்குவது யார் கண்ணுக்கும் தெரியும், பிப்ரவரி, மார்ச்சில் விரல் தடிமனுக்கு ஓடும்போது அது எத்தனை சென்டிமீட்டர் என்பதுதான் அந்த மலையின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லும். அதனால்தான் கோடைவரை இருக்கச் சொன்னேன்.

நான் இந்த வேலையில் இருந்த முதல் வருஷம் காய்ச்சலில் இரண்டு நாள் போகவில்லை, மூன்றாம் நாள் உத்தேசமாக இரண்டு எண்ணை எழுதி வைத்துவிட்டேன். அந்த இரண்டு நாளில்தான் பெருமழை. அந்த மாதக் கணக்கு முழுவதும் கெட்டது, இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. போகாத நாளை வெறுமையாக விடுங்கள்.

அப்பா கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, ஒப்பந்த வேலை வருஷா வருஷம் ஆட்டும். ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே நீட்டிப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். கியூஜிஐஎஸ் (QGIS) வரைபடம் போட உதவும் இலவச மென்பொருள், சாயங்காலங்களில் பழகுங்கள். புற்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு, அதைக் கற்றால் உங்களைத் தேடி வருவார்கள். அப்பாவை மார்ச்சில் ஒரு நாள் ஓடைக்கு அழைத்துப் போங்கள், மேல்மலைத் தண்ணீரில் பெரும்பகுதி மோயாறு, பவானி வழியாகப் பவானிசாகருக்குத்தான் போகிறது என்று அங்கேயே நின்று சொல்லுங்கள்.

அப்புறம், நோட்டில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மழையில் கரைந்துவிடும்.