பலகையில் இருக்கும் செராம்பூர்

ஐயா,

எங்கள் ஊர் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் இதுவரை ஊழியம் செய்த போதகர்களின் பெயர்ப்பலகை இருக்கிறது. பல பெயர்களுக்குப் பின்னால் 'பி.டி. (செராம்பூர்)' என்று இறையியல் பட்டம் எழுதியிருக்கும். இப்போதைய போதகர் ஐயரிடம் கேட்டேன். செராம்பூர் இருக்கும் வங்காளப் பக்கமே போனதில்லை என்கிறார். செராம்பூர் கல்லூரி பாப்டிஸ்டுகள் கட்டியது என்று படித்தேன். அவர்கள் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காதவர்கள். நாங்கள் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோம். அப்படியிருக்க அவர்கள் பட்டத்தோடு எங்கள் ஐயர் பீடத்தில் நிற்பது சரியா?

ஒரு வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஐயர் சொன்னது உண்மைதான். மதுரை அரசரடியிலோ, சென்னை குருகுலத்திலோ, பெங்களூரிலோ உள்ள இறையியல் கல்லூரியில் படித்திருப்பார். படிப்பு அங்கே, பட்டம் செராம்பூர் செனட்டுடையது, அதாவது செராம்பூர் கல்லூரியின் பட்டம் வழங்கும் குழுவுடையது. உங்கள் பக்கத்துக் கலைக் கல்லூரியில் படித்தவர் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகப் பட்டம் வாங்குகிறார் இல்லையா, அதுபோல.

செராம்பூருக்கு அந்த உரிமை வந்த கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரை 1755இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியிலிருந்து போய் அமைத்தார்கள். தன் ஆட்சிப் பகுதிக்குள் மிஷனரிகளை விட மறுத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. டேனிஷ் ஊரோ இடம் கொடுத்தது. செருப்புத் தைத்துப் பிழைத்த வில்லியம் கேரி, பள்ளி வாத்தியார் ஜோஷுவா மார்ஷ்மன், அச்சுத் தொழிலாளி வில்லியம் வார்டு ஆகிய மூவரும் 1800இல் அங்கே ஒரே வீட்டுக் குடும்பம்போலக் கூடினார்கள். கல்கத்தாவில் கேரி வாங்கிய பேராசிரியர் சம்பளம், மார்ஷ்மன் நடத்திய பள்ளிகளின் வருமானம், அச்சகத்தின் லாபம் எல்லாம் ஒரே பொதுப் பணத்தில் சேர்ந்தது. 1818இல் தொடங்கிய கல்லூரி அந்தக் காசில்தான் எழுந்தது. 1827இல் டென்மார்க் மன்னர் ஆறாம் பிரெடரிக் பட்டம் வழங்கும் உரிமையைச் சாசனமாகக் கொடுத்தார். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றபோதும் அந்த உரிமை போகவில்லை.

ஹவுராவிலிருந்து லோக்கல் ரயிலில் ஒருமுறை போனேன். ஆற்றைப் பார்த்து நிற்கும் பெரிய தூண்கள். உள்ளே அந்த மன்னர் அனுப்பியதாகச் சொல்லும் இரும்புப் படிக்கட்டு. வகுப்பு விட்ட நேரம். மாணவர்கள் கைப்பிடியில் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே தடதடவென்று இறங்கினார்கள். கேட்டதில் பெரும்பாலோர் பி.எஸ்சி., பி.காம். படிப்பவர்கள், இந்துப் பிள்ளைகள். எனக்கு மனம் நிறைந்துபோனது. ஏனென்றால் முதலில் சேர்ந்த 37 பேரிலேயே 19 பேர்தான் கிறிஸ்தவர்கள். சாதியோ நிறமோ நாடோ யாரையும் தடுக்கக் கூடாது என்பது அந்தக் கல்லூரியின் விதி.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். விசுவாசத்தை ஒருவர் தானாக அறிந்து, தன் வாயால் சொல்ல வேண்டும் என்பதுதான் பாப்டிஸ்டுகளின் அடிப்படை. குழந்தைக்கு அவர்கள் ஞானஸ்நானம் கொடுக்காததும் அதனால்தான். ராஜாவோ பிஷப்போ ஒருவர் மனசாட்சியில் கைவைக்கக் கூடாது என்பதும் அதே நம்பிக்கையிலிருந்து வருவது. அப்படி நம்புகிறவர்கள், 'எங்கள் ஞானஸ்நானத்தை எடுத்தால்தான் படிப்பு' என்று எப்படிச் சொல்வார்கள்? கதவைத் திறந்து வைத்ததால் அவர்கள் தங்கள் கொள்கையை விட்டுக்கொடுத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கொள்கையே திறக்க வைத்தது என்பேன்.

இதற்கு அவர்கள் கொடுத்த விலையும் சிறியதல்ல. செராம்பூர்ச் சொத்து யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்ற தகராறில், சாசனம் கிடைத்த அதே 1827இல் இங்கிலாந்திலிருந்த பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தோடு உறவு முறிந்தது. பிறகு கல்கத்தாவின் பெரிய வணிக நிறுவனங்கள் திவாலாகி, அவற்றில் போட்டிருந்த பணமும் போனது. சங்கத்தோடு மறுபடி சேர்ந்தது 1837இல். வார்டும் கேரியும் அதைப் பார்க்க இல்லை. மார்ஷ்மனும் அந்த வருஷமே இறந்துவிட்டார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

சாசனம் அப்புறம் ரொம்ப நாள் சும்மா கிடந்தது. 1906இல் முதல்வராக வந்த ஜார்ஜ் ஹவெல்ஸ்தான் அதற்கு உயிர் கொடுத்தார். 1915இல் முதல் பி.டி. பட்டங்கள் தரப்பட்டன. 1918இல் வங்காளச் சட்டம் ஒன்று வந்து, பல திருச்சபைகளின் ஆட்களும் செனட்டில் உட்கார வழி செய்தது. ஆகவே உங்கள் ஐயரின் பட்டத்தில் பாப்டிஸ்டுகள் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. லுத்தரன், மெதடிஸ்ட், உங்கள் சி.எஸ்.ஐ. எல்லோருக்கும் அதில் பங்குண்டு.

தெற்கே 1947இல் சி.எஸ்.ஐ. உருவானபோது பாப்டிஸ்டுகள் சேரவில்லை. வடக்கே 1970இல் சி.என்.ஐ. (வட இந்தியத் திருச்சபை) உருவானபோது அவர்களில் ஒரு பகுதியினர் சேர்ந்தார்கள். அங்கே ஒரே சபைக்குள் குழந்தை ஞானஸ்நானமும் உண்டு, வளர்ந்தபின் எடுக்கும் ஞானஸ்நானமும் உண்டு. அவர்களே அப்படிக் கூடி வாழும்போது உங்கள் ஐயர் தாராளமாகப் பீடத்தில் நிற்கலாம்.

ஒரு உதவி செய்யுங்கள். 1915க்கு முந்திய ஐயர்மார் யார் பெயருக்குப் பின்னாலும் 'பி.டி. (செராம்பூர்)' இருக்க வழியில்லை. உங்கள் பலகையில் அந்தப் பட்டத்தோடு வரும் முதல் பெயர் எந்த வருஷத்தது என்று பார்த்து எழுதுவீர்களா?